பிரேக் மிதித்தால் நிற்கும் வைப்பர்

ரிவர்ஸ்டன் மேட்டில் மழையும் மூடுபனியும். லக்கலயில் பஸ்ஸைத் தவறவிட்டதால், பூசணிக்காய் ஏற்றிய லொறியில் மாத்தளைக்குப் போகிறேன். இறக்கம் தொடங்கியதும் ஒன்றைக் கவனிக்கிறேன். லொறி ஓட்டும் அந்தோனி அண்ணன் பிரேக்கை மிதித்தால் சில நேரம் வைப்பர் நின்றுவிடுகிறது. காலை எடுத்தால் ஓடுகிறது. எந்த வளைவில் நிற்கும் என்றுதான் சொல்ல முடியவில்லை.

"காலையில நல்லாத்தான் ஓடிச்சு" என்று முனகிக்கொண்டே லொறியை ஓரங்கட்டுகிறார். பியூஸில் குறையில்லை. சுவிட்சிலும் இல்லை. என் காலடியில் குனிந்து, மோட்டாரிலிருந்து வரும் பழைய வயரை அசைக்கிறார். வைப்பர் ஒருமுறை துள்ளி நிற்கிறது.

"எர்த் போயிருச்சு சேர். பிரேக் லைட்டுக்கும் இதுக்கும் ஒரே எர்த்து. லைட் எரிஞ்சா வைப்பருக்கு கரண்ட் பத்தாமப் போயிருது."

புது வயர் ஒன்றை மோட்டாரில் முறுக்குகிறார். மறுமுனையை மாட்ட வேண்டிய, லொறி பாடியில் இருக்கும் போல்ட்டோ துருவேறி அசையவே மாட்டேன் என்கிறது. அதன் தலையைக் கத்தியால் சுரண்டிவிட்டு, வயர் நுனியை என்னிடம் நீட்டுகிறார்.

"கீழ ரத்தோட்டை டவுன் வரைக்கும் இதுல அழுத்திப் புடிச்சுக்கிட்டு வாங்க."

"ஷாக் அடிக்காதா அண்ணே?"

"அடிக்காதுங்க. கையை எடுத்தாத்தான் ஆபத்து."

முதல் வளைவு. பிரேக்கை மிதிக்கிறார். வைப்பர் நிற்காமல் ஓடுகிறது. நான் குனிந்தபடி இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருக்கிறேன். சட்டைப் பையில் போன் அடிக்கிறது. வீட்டிலிருந்துதான், பத்திரமாக வருகிறேனா என்று கேட்க. அடித்துக்கொண்டே இருக்கிறது.