செண்பகத்தோப்பு ஆற்றில் எந்த மாதம் தெப்பம் விடலாம்?

காலை ஆறு மணிக்கு ராஜபாளையத்தில் பஸ் ஏறும்போது எங்களிடம் காற்று இறக்கிச் சுருட்டிய மூன்று லாரி டியூப், ஒரு கட்டு மூங்கில் கழி, தேங்காய்நார்க் கயிறு, ஒரு கால்பம்பு எல்லாம் இருந்தன. கண்டக்டர் மேலும் கீழும் பார்த்தார்.

“என்னப்பா, லாரிய பஸ்ல ஏத்துதீகளா?”

“காத்து இல்லண்ணே, வெறும் தோலுதான்” என்றான் ரஹீம்.

“காத்தடிச்சிருந்தா அதுக்கும் ஆளுக்கொரு டிக்கெட் கிழிச்சிருப்பேன். கம்ப மேல போட்டுக் கட்டு.”

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒன்றே கால் ரூபாய். பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். எண்பத்தொன்பதாம் வருஷம், ஐப்பசி மாதத்துத் திங்கட்கிழமை அது. வியாழக்கிழமை மதுரையில் ரஹீமுக்கு ரயில். மெட்ராஸ், அங்கிருந்து பம்பாய், அதற்குப் பிறகு விமானம், சவூதி. பாலைவனத்தில் ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் டயர் வேலை.

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு காலண்டர். தென்காசி ரோட்டில் ரஹீம் வைத்திருந்த பஞ்சர் கடையில் அது தொங்கியது. வெளிநாட்டிலிருந்து அவன் மச்சான் கொடுத்தனுப்பியது. அக்டோபர் மாதத்துப் படத்தில் இரண்டு பக்கமும் கோபுர உயரத்துக்குச் சிவந்த பாறை. சுற்றிலும் பொட்டல், ஒரு புல் பூண்டு கிடையாது. நடுவில் ஒரு ஆறு நுரை கக்கிக்கொண்டு போகிறது. அதில் ரப்பர் தெப்பத்தில் ஆறு பேர் வாயைப் பிளந்து கத்துகிறார்கள். ரஹீம் ஜனவரியிலேயே அக்டோபரைத் திருப்பி மாட்டிவிட்டான்.

“நான் போறது பூராம் மணலுக்கு” என்பான். “அதுக்கு முந்தி ஒரு தடவையாச்சும் தண்ணி மேல போயிறணும்ல.”

பாறையும் பொட்டலும் நமக்கும் உண்டு. செண்பகத்தோப்பில் மலையை விட்டு இறங்கும் ஆறு, கொஞ்ச தூரம் இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே நெருங்கித்தான் வருகிறது. தண்ணீர்தான் பிரச்சினை. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அந்த ஆற்றில் வெள்ளாடுதான் போகும்.

எந்த மாதம் போவது? எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான், அதுவும் புவியியல் பாடம். அதனால் மழைக்கு நான்தான் பொறுப்பு என்று ரஹீமும் சுப்புவும் சேர்ந்தே முடிவு செய்துவிட்டார்கள். சுப்பு மில்லில் வேலை பார்ப்பவன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். பயம் வந்தால் அவனுக்குத் தமிழ் மறந்துவிடும்.

“ஏலே பி.ஏ., சொல்லு, எந்த மாசம்?”

நானும் சிரத்தையாக யோசித்தேன். ஆடிச் சாரல் மலைக்கு அந்தப் பக்கத்தோடு சரி. நமக்குக் காற்றும் கணுக்கால் தண்ணீரும்தான். தையில் மணல் தெரிய ஆரம்பித்துவிடும். மார்கழிதான் உத்தமம். வெள்ளம் எல்லாம் அடங்கி, இடுப்பளவுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடும். ஆனால் மார்கழியில் ரஹீம் இருக்க மாட்டான். மிச்சம் ஐப்பசி. ஐப்பசியில் மலையில் இடி இடித்தால் தண்ணீர் மரத்தையும் ஆட்டையும் சேர்த்துப் புரட்டிக்கொண்டு வரும்.

“படத்துல அக்டோபர்னுதான் போட்டிருக்கு. அக்டோபர்னா ஐப்பசிதான்” என்றான் சுப்பு. அவனுக்கு அது போதும்.

நான் ஒரு விதி செய்தேன். மழை பெய்கிற அன்று கூடாது. மறுநாளும் கூடாது. வெள்ளம் வடிந்து, தண்ணீர் செம்மண் நிறம் மாறி, மலை உச்சி தெளிவாகத் தெரிகிற நாளில்தான் இறங்க வேண்டும். விதி நன்றாகத்தான் இருந்தது, மழைதான் இல்லை. ரஹீம் தினமும் கடை வாசலில் நின்று மேற்கே பார்ப்பான், பிறகு என்னைப் பார்ப்பான். சனிக்கிழமை சாயங்காலம் ஒருவழியாக மலை கறுத்துக் கொட்டித் தீர்த்தது. ஞாயிறு முழுக்க அவனைப் பிடித்து நிறுத்தி வைத்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இட்லி சாப்பிட்டு, கால் கிலோ பால்கோவா பத்து ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு, செங்கல் ஏற்றப் போன ஒரு டிராக்டரில் தொற்றினோம். எட்டரைக்கு ஆற்றங்கரை. வனத்துறைக் கேட்டுக்கு நன்றாகக் கீழே தள்ளி இறங்கினோம். மலை உச்சியில் ஒரு துண்டு மேகம் இல்லை. தண்ணீர் டீ நிறத்துக்கு வந்திருந்தது.

டியூபுக்குக் காற்றடித்து முடிப்பதற்குள் எங்களுக்குக் காற்று போய்விட்டது. முக்கோணமாக மூன்றையும் வைத்து, கழிகளைக் குறுக்கே கட்டினோம். ஒரு டியூபில் ஒரு ஆள். நீச்சல் தெரியாத ரஹீமை இடுப்பில் கயிறு போட்டு டியூபோடு சேர்த்துக் கட்டினேன்.

“கிடாய கட்டுத மாதிரில்ல கட்டுத!”

“பேசாம இரு. உங்கம்மாட்ட நான்தான் பதில் சொல்லணும்.”

தள்ளிவிட்டதும் ஆறு எங்களை எடுத்துக்கொண்டது. பாறைச் சுவருக்குள் நுழையும்போது சத்தம் காதை அடைத்தது. வெயில் மேலேயே நின்றுவிட்டது, கீழே குளிர்ந்த ஈரக்காற்று. ஒரு பாறையைச் சுற்றித் திரும்பினால் அடுத்த பாறை. நான் கழியை ஊன்றித் தள்ளினேன்.

“ஒரேய்! ராயி ரா! ராயி!” என்று சுப்பு அலறினான். ராயி என்றால் கல். மொழிபெயர்ப்பதற்குள் மோதிவிட்டோம். தெப்பம் பந்து மாதிரி எகிறி, ஆள் உயரப் பள்ளத்தில் தொப்பென்று விழுந்து, தானாகவே நிமிர்ந்து ஓடியது. மூக்கில் வாயில் எல்லாம் தண்ணீர். ரஹீமுக்கு என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்த்தேன். படத்தில் இருப்பவர்களைப் போலவே வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தான்.

பாறை முடிந்து ஆறு அகன்றதும் மிதந்தபடியே பால்கோவாவைப் பிரித்தோம். பாதி பாயசமாகியிருந்தது. மதுரை ரோட்டுப் பாலத்தில் கரையேறுவதாகத் திட்டம். ஒரு வளைவு திரும்பியதும் ஆற்றுக்குக் குறுக்கே பனந்தடி, மண், முள், தழை எல்லாம் போட்டு ஒரு வரப்பு. அதற்கு அந்தப் பக்கம் ஆறே இல்லை, வெறும் மணல். தண்ணீர் அத்தனையும் இடது பக்கம் ஒரு வாய்க்காலுக்குள் திரும்பியது. எங்களையும் திருப்பிக்கொண்டு போனது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது கொரம்பு. கண்மாய்க்குத் தண்ணீர் திருப்ப ஊர்க்காரர்கள் ஆற்றில் போடும் தடுப்பு. வெள்ளம் வரும்போது போட்டால் அடித்துப் போய்விடும். வடிந்த மறுநாள்தான் போடுவார்கள். நான் நாள் பார்த்த அதே கணக்கில்தான் அவர்களும் நாள் பார்த்திருக்கிறார்கள்! ஆற்றோரத்தில் பிறந்து வளர்ந்தும் இது எனக்குத் தோன்றவில்லை.

வாய்க்காலில் தண்ணீர் நடந்து போனது. காய்ந்த வெடிப்புகளை நிரப்பி, சருகையும் எறும்பையும் உருட்டிக்கொண்டு முன்னால் போகும் தண்ணீரை எட்டிப் பிடித்துவிட்டோம். கரையில் தலைப்பாகை கட்டிய ஒருவர் மண்வெட்டியோடு ஓடி வந்தார். கண்மாய்த் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் நீர்பாய்ச்சி அவர்தான்.

“ஏலே! யாருலே அது, எங்க தண்ணில வாரது?”

“ராஜபாளையம் அண்ணாச்சி! பாலத்துக்குப் போனோம், உங்க கொரம்பு இழுத்துக்கிட்டு வந்துருச்சு!”

“எறங்குங்கலே மொதல்ல! கரைய இடிச்சுப்புடாதீக!” இரண்டடி நடந்து யோசித்தார். “வேண்டாம், எறங்காதீக. முன்னால முள்ளு அடைச்சுக் கெடக்கு. அத அப்படியே கழியால தள்ளிக்கிட்டே வாங்க. ஒரு ஆள் வேல மிச்சம்.”

அப்படியே தள்ளிக்கொண்டு போனோம். மம்சாபுரம் பக்கத்தில் அவர்கள் கண்மாய். வாய்க்கால் போய்ச் சேரும் இடத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் தாம்பாளத்தில் பூ, தேங்காய், சூடம் வைத்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு வருஷமாகக் கண்மாய் நனையவில்லையாம். வருகிற முதல் தண்ணீரைக் குலவை போட்டுக் கும்பிட்டுக் கூப்பிடுவது இங்கே வழக்கம். தண்ணீர் வளைவு திரும்பியது. குலவை எழும்பியது. தண்ணீருக்குப் பின்னாலேயே நாங்களும் வந்தோம். குலவை பாதியில் நின்றது.

“ஏட்டி, தண்ணிய வாங்கன்னு கூப்பிட்டா, மாப்பிள்ளைக மூணு பேரு வாராகடி!” என்றார் முன்னால் நின்ற ஒரு அக்கா. கரை முழுவதும் சிரிப்பு. மறுபடி குலவை, முன்னைவிடப் பலமாக. பூவை எங்கள் மேலும் தண்ணீர் மேலும் சேர்த்தே வீசினார்கள்.

கட்டு அவிழ்க்க முடியாமல் டியூபிலேயே உட்கார்ந்திருந்த ரஹீமிடம் அந்த அக்கா கேட்டார்: “இவர மட்டும் எதுக்குய்யா கட்டி வச்சிருக்கு?”

“வியாழக்கிழம சவூதி போறான்க்கா. அதுவரைக்கும் பத்திரமா வச்சிருக்கணும்” என்றான் சுப்பு.

“அங்க தண்ணி உண்டுமா தம்பி?”

“மணலுதான்னு சொல்லுதாகக்கா.”

“அப்ப தேங்கா ஒனக்குத்தான்” என்று உடைத்த மூடி ஒன்றை அவன் கையில் வைத்தார். “போயிட்டு வா. நீ வரும்போது கண்மா நெறஞ்சு மறுகால் பாஞ்சுக்கிட்டு இருக்கும்.”

ஒருவழியாகக் கட்டை அவிழ்த்துக்கொண்டு ரஹீம் இறங்கினான். தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, கால் நனையக் கண்மாய்க்குள் பரவும் தண்ணீரோடு கூடவே நடந்தான். வியாழக்கிழமை அவன் பெட்டியில் துணிக்கு மேலே அந்த மூடி இருந்தது. டியூப் மூன்றையும் சுப்புவிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

மார்கழியில் நானும் சுப்புவும் மறுபடி போனோம். என் கணக்கு ஒன்றும் தப்பவில்லை. தண்ணீர் இடுப்பளவு, அடியில் கூழாங்கல் எண்ணலாம், வானம் துடைத்துவிட்ட மாதிரி. ஆனால் மூன்று பேருக்குக் கட்டிய தெப்பத்தில் ஒரு டியூப் காலி. கனம் சரியாக இல்லாமல் அது வழி முழுக்கச் சுற்றிக்கொண்டே வந்தது. கழியை எந்தப் பக்கம் ஊன்றினாலும் நேராகப் போகவில்லை. கடைசியில் சுப்பு ஒரு பெரிய கல்லைத் தூக்கி அந்த டியூபின் மேல் கழிகளோடு சேர்த்துக் கட்டினான். “கெடக்கட்டும். ரஹீம விட இது கம்மியாத்தான் பேசும்.”

நீங்கள் போவதாக இருந்தால் மார்கழியில் போங்கள். அதுதான் நல்ல பருவம். கூட வருகிறவருக்கு வியாழக்கிழமை ரயில் இருந்தால் மட்டும் மார்கழி வரை காத்திருக்க வேண்டாம்.