செம்பாவின் கயிற்றை நான் விட்டேன்

ஊறவைத்த கொள்ளு, கோதுமைத் தவிடு, கொஞ்சம் வெல்லம்... காலை ஐந்தரை மணிக்கு எங்கள் வீடு இப்படித்தான் மணக்கும். குதிரைகள் தின்று முடித்த பிறகுதான் மனிதர்களுக்குக் காபி.

திருப்பாலைவனத்துக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவில், நெல் வயல்களுக்கு மத்தியில் குதிரைப் பண்ணை என்றால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. நைனா, என் அப்பா, முதலில் சென்னைப் பந்தய லாயங்களுக்குப் புல் லாரி ஓட்டியவர். காலில் அடிபட்டு இனி ஓடாது என்று ஆன ஒரு பெண்குதிரையை ஒரு முதலாளி அவருக்குச் சும்மா கொடுத்தார். அதில் ஆரம்பித்தது. நான் பிளஸ் டூ முடித்தபோது ஒன்பது பெண்குதிரைகள், ஒரு பொலிகுதிரை. எல்லாம் தரோபிரெட்... பந்தயத்துக்கென்றே பிறக்கிற சாதி.

குட்டி வாங்க வருபவர்களிடம் நைனா தவறாமல் ஒன்று சொல்வார்.

"டச்சுக்காரன் காலத்துலயே இந்தக் கரையில குதிரை எறங்கிக்கீது சார். குதிரைக்குப் பழகுன மண்ணு இது."

ஆதாரம்? பழவேற்காட்டில் டச்சுக் கல்லறை இருக்கிறதே, அதுதான்!

அண்ணன் தேவா சென்னையில் கல்லூரி விடுதியில் இருந்தான். நான் மேலே படிக்கவில்லை. படிக்க வைக்கவில்லை என்பதுதான் சரி. பண்ணைக்கு ஆள் வேண்டியிருந்தது. குளம்பில் மாட்டிய கல்லைக் குத்தி எடுப்பது, ஏரிக்காற்று அடித்தால் குட்டிகளை உள்ளே கட்டுவது, தீவனத்துக்குக் குதிரைமசால் அறுப்பது... எல்லாம் நான்தான். யாரும் பாராட்டியதில்லை. எனக்கும் அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை.

ஒரு தை மாதம், குட்டி போட்ட மூன்றாம் நாள் தாய்க்குதிரை வயிற்றுவலியில் செத்துப்போனது. குட்டி பெண். செம்பட்டை நிறம். நான் செம்பா என்று கூப்பிட்டேன்.

"இது தேறாது" என்றார் நைனா.

சுண்ணாம்புக்குளத்திலிருந்து ஐந்து ஆடுகள் வாங்கி வரச் சொன்னேன். இரண்டு மணிக்கொரு தரம் ஆட்டுப்பால், பீர் பாட்டிலில் ரப்பர் மாட்டி. லாயத்திலேயே கோணி விரித்துப் படுத்தேன். செம்பா தேறினாள். தேறியது மட்டுமா... ஒன்றரை வயதில் அவள் வேலியோரம் ஓடினால் வயலில் நாற்று நடுகிற பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

சென்னையிலிருந்து வந்த குதிரை டாக்டர் அவள் முன்னங்காலைத் தடவிப் பார்த்து என்னிடம் சொன்னார். "முட்டி எலும்பு இன்னும் கூடல. மூணு மாசத்துக்கு யாரும் மேல ஏறக்கூடாதும்மா." நைனாவிடம் அப்படியே சொன்னேன். தலையாட்டினார்.

அந்த மூன்று மாதம் முடியும் முன்பே, ஐப்பசி மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய முதலாளி குட்டி பார்க்க வந்தார். அண்ணனும் லீவில் வந்திருந்தான். புது பூட்ஸ். இளநீர் குடித்துக்கொண்டே அவர் கேட்டார், "ஓடிக் காட்டுவீங்களா?"

அண்ணன் சேணத்தோடு வந்து நின்றான். செம்பாவின் கயிறு என் கையில் இருந்தது.

"நைனா, டாக்டரு வேணாம்னு சொன்னாரு இல்ல?"

"ஒரே ஒரு ரவுண்டு கோமளா. இன்னா ஆயிடப் போவுது?"

"தரை ஈரமா கீது நைனா. வழுக்கும்."

அவர் முகம் மாறியது. வந்தவர் முன்னால் நான் பேசியதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "கவுத்த வுடு. உள்ள போய் சமையலப் பாரு."

விட்டேன்.

முதல் சுற்று பறந்தாள். இரண்டாவது சுற்றில் திருப்பத்தில் ஒரு சத்தம்... காய்ந்த விறகை முட்டியில் வைத்து ஒடிப்பார்களே, அது மாதிரி. அண்ணன் சேற்றில் விழுந்தான். அவனுக்கு ஒரு கீறல் இல்லை. செம்பா மூன்று காலில் நடந்து நேராக என்னிடம் வந்தாள். நான்காவது கால் தொங்கிக்கொண்டிருந்தது.

நைனா முதலாளியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"பொட்டப்புள்ள கொஞ்சிக் கொஞ்சி வளத்தது சார். அதான் எலும்புல ஒரம் இல்ல."

மதியம் டாக்டர் வந்து கடைசி ஊசியைப் போட்டார். செம்பாவின் தலை என் மடியில் இருந்தது. அண்ணன் குளித்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆட்கள் சவுக்குத் தோப்பில் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

அதன் பிறகு நான் லாயத்துக்குள் போகவில்லை. "கோமளா, குட்டி பொறந்துக்கீது, வந்து பாரு" என்று நைனா வாசலில் நின்று கூப்பிட்டார். போகவில்லை. அடுத்த ஆண்டு கும்மிடிப்பூண்டியில் கட்டிக்கொடுத்தார்கள். நான் போன பிறகு பண்ணை நான்கு வருடம்கூடத் தாங்கவில்லை. அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் வாய் கசக்கிறது.

நைனா கடைசி ஆறு மாதம் என் வீட்டில்தான் இருந்தார். அண்ணன் வீட்டில் இடமில்லையாம். படுத்தபடியே எல்லாக் குதிரைகளையும் பேர் சொல்லிப் பேசுவார், எது எந்தப் பந்தயத்தில் ஜெயித்தது என்பது வரைக்கும். செம்பா பேரை மட்டும் எடுக்கவில்லை. கஞ்சி ஊட்டும்போதெல்லாம் காத்திருந்தேன்... ஒரு வார்த்தை சொல்லிவிடுவார் என்று. சொல்லாமலே போய்விட்டார்.

போன வருடம் நிலத்தை விற்றோம். குத்தகைக்கு எடுத்தவர்கள் எப்போதோ அதை இறால் குட்டையாக்கிவிட்டார்கள். பத்திரப் பதிவுக்குப் போகிற வழியில் அண்ணன் காரை நிறுத்தினான். கரையில் நின்று பார்த்தேன். எது லாயம், எது தோப்பு, ஒன்றும் பிடிபடவில்லை.

"அண்ணா, செம்பாவ எந்தப் பக்கம் பொதைச்சாங்க?"

போனிலிருந்து தலையைத் தூக்கினான்.

"எந்தச் செம்பா?"

நடிக்கவில்லை. உண்மையிலேயே மறந்திருந்தான்.

விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன்... வேண்டாமென்று விட்டுவிட்டேன். பதிவு முடிந்ததும் பொன்னேரியிலிருந்து பஸ்ஸிலேயே வீடு திரும்பினேன்.

அந்த நாளில் கோபப்பட எனக்கு இரண்டு பேர் இருந்தார்கள். இன்றைக்கு ஒருவர் உயிரோடு இல்லை, இன்னொருவனுக்கு நினைவே இல்லை. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.