அரைச் சொம்புத் தண்ணீர்

என் கணவருக்குச் சோறு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு சொல் எங்கே பிறந்தது என்று தெரிந்தாக வேண்டும். மார்க்கையன்கோட்டையில் நஞ்சையும், பாதிரியார் பள்ளியில் படித்த இங்கிலீஷும் இருந்தால் மனுஷனுக்கு வேறென்ன வேலை! கல்யாணமான புதிதில் என்னை உட்கார வைத்து, 'அஃப்ளுவென்ட்' என்றார். பணங்காசு உள்ளவர் என்று அர்த்தமாம். லத்தீனில் அதன் வேர், ஓரிடத்தை நோக்கித் தண்ணீர் ஓடி வருவதாம். நான் ஆண்டிபட்டிப் பக்கத்தில், மழையை மட்டுமே நம்பிய மானாவாரிக் காட்டிலிருந்து வந்தவள். "அப்படின்னா அந்தச் சொல்ல உண்டாக்குனவன் எங்க ஊர்க்காரன்தான்" என்றேன். அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷமே என் நாத்தனாரைப் பெண் பார்க்கக் கம்பத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையை அவள் திருவிழாவில் பார்த்திருக்கிறாள். கட்டினால் அவரைத்தான் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். இடுப்பில் குடமும் கையில் சொம்புமாக நான்தான் தண்ணீர் கொண்டு போனேன். மாப்பிள்ளையின் தாயார் சொம்புக்குள் பார்த்தார். பாதிதான் இருந்தது. குடிக்காமல் கீழே வைத்தார்.

"வீட்டுக்குப் பின்னால வாய்க்கா ஓடுது. தண்ணிக்கே அளவு பாக்குறாக. இங்கன எப்பிடிப் பொண்ணெடுக்க?" என்று எழுந்துவிட்டார்.

கதவுக்குப் பின்னால் நாத்தனாரின் விசும்பல் கேட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. பிறந்த வீட்டுக் கைப்பழக்கம் இப்படிக் காலை வாரும் என்று யார் கண்டார்கள்?

என் கணவர் பதறிப்போய் லத்தீனை ஆரம்பித்தார். தண்ணீர், செல்வம், ஓடி வருவது என்று என்னென்னவோ சொன்னார்.

"அதெல்லாம் எனக்கு வெளங்காது தம்பி" என்று அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். "நீ எந்த ஊரு?"

"ஆண்டிபட்டிப் பக்கங்க. தண்ணிக்கு மூணு மைலு நடக்கணும். நெறையக் குடுத்தா மிச்சத்தக் கொட்டிருவாக. அதான் பாதி குடுத்துட்டு, போதும்னு சொல்ற வரைக்கும் பக்கத்துலயே நிப்போம். கேக்கக் கேக்க ஊத்துவோம்."

"நீ நிக்கலையே?"

"நின்னுக்கிட்டுத்தான இருக்கேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் என் இடுப்புக் குடத்தைப் பார்த்தார். உட்கார்ந்தார். சொம்பை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு நீட்டினார்.

"ஊத்து ஆத்தா."

நாத்தனாருக்கு இப்போது கம்பத்தில் வாய்க்காலும் வயலுமாகப் பெரிய குடும்பம். நான் போனால் மட்டும் அரைச் சொம்புதான் கொடுப்பாள். குடத்தை இறக்காமல் பக்கத்திலேயே நிற்பாள்.