காளீஸ்வரி போட்ட இன்ட்டு

கொடைக்கானல் பக்கத்து மலைக்கிராமப் பள்ளியில் எட்டாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தபோது ஒரு புது முறையைக் கொண்டுவந்தேன். பாடத்தின் நடுவே அவ்வப்போது மணி அடிப்பேன். அந்த நொடியில் கவனம் பாடத்தில் இருந்தால் பிள்ளைகள் தங்கள் அட்டையில் டிக் போடவேண்டும், இல்லாவிட்டால் இன்ட்டு.

ஒரே வாரத்தில் எல்லா அட்டைகளிலும் டிக்தான். ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தவர்களும் டிக் போட்டார்கள் என்று எனக்குத் தெரியும். காளீஸ்வரியின் அட்டையில் மட்டும் பாதிக்கு மேல் இன்ட்டு.

அப்பா கண்டித்தால் திருந்துவாள் என்று, பெற்றோர் கூட்டத்தில் அதை அவரிடம் நீட்டினேன். அவர் பூண்டு விவசாயி.

"இத யாரு போட்டதுங்க டீச்சர்?"

"அவளேதான்."

அவர் கூட வந்திருந்த மகளைப் பார்த்துச் சிரித்தார். "படிப்பு ஏறலேன்னு ஒனக்கே தெரிஞ்சுபோச்சா? தோட்டத்துல சோலி கெடக்கு. நாளைக்கு வெள்ளனே என்கூடக் கெளம்பு."

"நீங்கதான டீச்சர் உண்மையப் போடச் சொன்னீங்க?" என்றாள் காளீஸ்வரி.

மற்றவர்கள் போட்டதெல்லாம் பொய், இவள் ஒருத்திதான் நேர்மையாகத் தன்னைக் கவனித்தாள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பக்கத்தில் தலைமையாசிரியர் நின்றிருந்தார். அன்று காலையில்தான் அந்த டிக்குகளைக் காட்டி எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டியிருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

அதன்பின் அவள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய் அவள் அப்பாவிடம் பேசப் பலமுறை நினைத்தேன். அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து, ஒருமுறைகூடப் போகவில்லை.