ஓடிபி கேட்கிற அக்காவும் ஒரு குடும்ப டிரஸ்டும்

1. விண்ணப்பம் தள்ளுபடி

"ஏனுங்க்கா, நீங்கதானுங்களா ஸ்டெல்லா அக்கா? வருஷா வருஷம் போன்ல ஓடிபி கேப்பீங்களே?"

சேலத்தில் எங்கள் ஆடிட்டர் அலுவலகத்து வாசலில் நின்று ஒரு பெண் இப்படிக் கேட்டபோது, எனக்கு அந்த வேலையில் முப்பது வருடம் முடிந்திருந்தது. முகம் தெரியவில்லை. குரல் தெரிந்தது. ஒவ்வொரு ஜூலையிலும் அந்தக் குரலுக்குப் போன் செய்து, "உங்க போனுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்பேன். சொல்லிவிட்டு வைத்துவிடுவார். எதற்கு என்று அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

பெயர் கோகிலா. சேந்தமங்கலம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் எங்கள் கிளையன்ட் செல்லப்பன் ஐயாவின் மகள். சங்ககிரியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

அவர் ஒரு தாளை நீட்டினார். பெண்களுக்கு அரசு மாதாமாதம் ஆயிரம் ரூபாய் தருகிறதே, அதற்கு விண்ணப்பித்திருக்கிறார். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்பவர் என்று தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

"எனக்கு என்னங்க்கா வருமானம்? அவரு குடிச்சுப்போட்டு அடிக்கறாருன்னு புள்ளயக் கூட்டிக்கிட்டு அப்பா ஊட்டுக்கு வந்து ஒரு மாசமாச்சு. பவுடர் டப்பா வாங்கக்கூட கையில காசில்ல. ஞாயித்துக்கெழம பெரியவங்கல்லாம் உக்காந்து பேசி, என்னயத் திருப்பிச் சங்ககிரிக்கே அனுப்பப் போறாங்க. தனியா இருந்து எதுல சாப்புடுவேன்னு கேக்கறாங்க. எனக்குப் பதில் இல்லீங்க."

எனக்குப் பதில் தெரியும். ஐந்து வருடமாக அவருக்கு மாதாமாதம் வாடகை வந்துகொண்டிருந்தது. அவருக்குத்தான் தெரியாது. அதற்கு அவர் பெயரில் வரிக் கணக்குத் தாக்கல் செய்யத்தான் நான் ஓடிபி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் உக்காருங்க, சார்ட்ட கேட்டுட்டு வரேன்" என்று ஆடிட்டர் அறைக்குள் ஓடினேன்.

2. மாற்றிக்கொள்ள ஒரு வரி

ஐந்து வருடம் முன்பு நடந்ததைச் சொல்ல வேண்டும். சேலத்தில் ஒரு கட்டடம் விலைக்கு வந்தது. கீழே மருந்துக்கடை, மேலே பல் ஆஸ்பத்திரி, இரண்டும் நல்ல வாடகை. செல்லப்பன் ஐயா வாங்க ஆசைப்பட்டார். ஏதோ கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ஓதியதை எங்களிடம் வந்து ஒப்பித்தார்.

"ஏனுங்க அம்மணி, டிரஸ்ட் போட்டா டேக்ஸே இல்லீங்களாமா?"

பந்தியில் கிடைக்கும் வரி ஆலோசனைக்கு எங்கள் தொழிலில் பஞ்சமே இல்லை. தர்மத்துக்கு நடத்தும் டிரஸ்ட் வேறு, குடும்ப டிரஸ்ட் வேறு என்று விளக்கினேன். குடும்ப டிரஸ்டுக்கும் வரி உண்டு. ஆனால் யார் யாருக்கு எத்தனை பங்கு என்று பத்திரத்திலேயே உறுதியாக எழுதிவிட்டால், அவரவர் பங்கை அவரவர் வருமானமாகக் கணக்கிடலாம். டிரஸ்டை நிர்வகிக்கும் டிரஸ்டி தன் விருப்பப்படி பங்கு தரலாம் என்று விட்டுவைத்தால் உச்ச விகிதத்தில் வரி விழும்.

அவர் மகன் சரவணன் பெயரை மட்டும் சொன்னார். சரவணனோ பண்ணையில் நல்ல சம்பளம் காட்டி ஏற்கெனவே வரி கட்டிக்கொண்டிருந்தார். மனைவியைச் சேர்த்தால் அந்த வருமானம் சுற்றிக்கொண்டு ஐயா தலையிலேயே வந்து விழும். கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தேன். வரி குறைய ஒரே வழி, சொந்த வருமானம் இல்லாத மகள்தான்.

"அதுக்குச் சீரெல்லாம் செஞ்சு அனுப்பியாச்சுங்களே!" என்றார்.

"நூத்துக்கு நாப்பது போட்டா இவ்வளவு மிச்சம்ங்கய்யா" என்று தொகையைக் காட்டினேன். நெடுநேரம் அதையே பார்த்தார்.

"செரி, போடுங்க. ஆனா நாளைக்கு மாத்திக்கற மாதிரி ஒரு வரி சேத்துருங்க."

சேர்த்தேன். பெண்ணுக்கு நியாயம் செய்கிறோம் என்ற எண்ணமெல்லாம் எனக்கு அன்று கிடையாது. கிளையன்ட் கேட்டார், டைப் அடித்தேன். டிராஃப்டைப் பார்த்த சார் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தார். "இது இருந்தா பங்கு உறுதியில்லன்னு சொல்லி, உச்ச வரி போட்டுத் தாளிச்சுருவாங்க ஸ்டெல்லாம்மா. எடுத்துட்டு, பங்கை மாத்தவே கூடாதுன்னு எழுதிடுங்க." செல்லப்பன் ஐயாவிடமும் போனில் சொன்னார். அவர் ம் கொட்டினார்.

திருத்திய பிரதியைக் கம்ப்யூட்டரில் வைத்தேன்; பழையதை அழிக்கவில்லை. பத்திரம் பதிந்த அன்று மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று லீவு போட்டுவிட்டேன். பிரின்ட் எடுத்துக்கொண்டு போனவர் புதிதாகச் சேர்ந்த வேறொருவர்.

3. ஏழாவது பக்கம்

"கோகிலா பேர்ல ரிட்டர்ன் போடறோம்னா அவங்களும் நம்ம கிளையன்ட்தான். சொல்லித்தான் ஆகணும்" என்றார் சார்.

சொன்னேன். கோகிலா சத்தமே இல்லாமல் அழுதார். அவர் பங்கு, காலேஜில் படிக்கும்போது திறந்த வங்கிக் கணக்கில் விழுந்துகொண்டிருந்தது. அந்தக் கணக்கின் ஏடிஎம் கார்டு அண்ணன் சரவணனிடம் இருந்தது. பணம் கோழித் தீவனத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கார்டு யார் கையில் என்று நான் ஒருநாளும் விசாரித்ததில்லை. நமக்கெதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன்.

அப்பாவையும் அண்ணனையும் மறுநாள் வரச் சொன்னார் சார். அதற்குள் பத்திரத்தைப் பார்க்கலாம் என்று ஃபைலைத் திறந்தேன். பதிவான பத்திரத்தின் நகலே அதில் இல்லை. வாங்கி வைக்க வேண்டியது என் பொறுப்பு. இருந்தது சிவப்பு மை பட்ட முதல் டிராஃப்ட் மட்டும். புதிதாக வந்தவர் எந்தப் பிரதியைப் பிரின்ட் எடுத்தாரோ? பழையது பதிவாகியிருந்தால், டிரஸ்டியான செல்லப்பன் ஐயா ஒரே கையெழுத்தில் இந்தப் பெண்ணின் பங்கை எடுத்துவிடலாம்.

மறுநாள் கோகிலா முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். செல்லப்பன் ஐயா ரெக்ஸின் பையில் அசல் பத்திரத்தோடு வந்தார். சரவணன் உட்காரும் முன்பே ஆரம்பித்தார்.

"டிரஸ்டி அப்பாதானுங்களே! பங்க மாத்தி எழுதிட்டா முடிஞ்சுதுங்க. மாத்திக்கற மாதிரி அன்னைக்கே ஒரு வரி போட்டீங்கல்லங்க்கா? இதுக்குக் கையில காசு வந்துட்டா அப்புறம் சங்ககிரிக்கு எப்படிப் போகும்?"

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் கோகிலா. "போகமாட்டேன்."

சார் பத்திரத்தை என்னிடம் தள்ளினார். ஆறு பக்கம் புரட்டினேன். ஏழாவது பக்கத்தில் விரல் வைத்து வாசித்தேன்.

"மேற்கண்ட பங்குகளை எக்காலத்திலும், எக்காரணத்தாலும், யாரும் மாற்றவோ ரத்து செய்யவோ கூடாது."

மாதாவே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். டம்ளர் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தேன். அந்தப் பிள்ளை சரியான பிரதியைத்தான் எடுத்துப் போயிருக்கிறார். அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

சரவணன் பத்திரத்தைப் பிடுங்கி இரண்டு தடவை படித்தார். சார் நிதானமாகச் சொன்னார். "நூத்துக்கு நாப்பது பங்கு கோகிலாவோடது. டிரஸ்டி குடுக்க மாட்டேன்னா அவங்க கோர்ட்டுக்குப் போலாம். கார்டை இப்பவே குடுத்துருங்க தம்பி."

கார்டு மேசைக்கு வந்தது.

செல்லப்பன் ஐயா மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "டேக்ஸுக்காகத்தான் போட்டேன் சாமி" என்றார். "உனக்குன்னு நெனச்சுப் போடல."

"எதுக்குப் போட்டிருந்தாலும் போட்டுட்டீங்கல்லங்கப்பா. அது போதுமுங்க."

பிறகு ஐயா எழுந்தார். "ஞாயித்துக்கெழம யாரும் வர வேண்டாம்னு சொல்லிப்போடறேன். ஊட்டுக்கு வா கண்ணு, புள்ள பள்ளிக்கூடம் உட்டு வார நேரமாச்சு."

4. அடுத்த ஜூலை

கோகிலா சேலத்தில் வாடகைக்கு வீடு பிடித்தார். மகளை அங்கேயே பள்ளியில் சேர்த்தார். இதெல்லாம் மருந்துக்கடையும் பல் ஆஸ்பத்திரியும் தந்த வாடகையில்.

அடுத்த ஜூலையில் வழக்கம்போல் போன் செய்தேன். "கோகிலா, உங்க போனுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும்..."

"வந்திருக்குங்க்கா. எதுக்குன்னு மொதல்ல சொல்லுங்க."

முப்பத்தொரு வருட வேலையில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கோபம் வரவில்லை, நிம்மதியாக இருந்தது. ரிட்டர்னை எடுத்து, அவர் பங்கு எவ்வளவு, வரி ஏன் இல்லை, பணம் எந்தக் கணக்குக்கு வருகிறது என்று வரி வரியாக வாசித்தேன். இருபது நிமிடம் ஆனது. நடுவில் இரண்டு சந்தேகம் கேட்டார். இரண்டும் நல்ல சந்தேகங்கள்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, சட்டத்தை நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்திருப்பீர்கள். நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஒருவரிடம் ஓடிபி கேட்கும் முன், அது எதற்கு என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். இருபது நிமிடம் ஆகும், ஆகட்டும். நான் அதை முதல் ஜூலையிலேயே சொல்லியிருந்தால், அந்தப் பெண் ஐந்து வருடம் அடி வாங்கியிருக்க வேண்டியதில்லை.

வாசித்து முடித்ததும் கோகிலா சொன்னார்: "செரிங்க்கா, புரிஞ்சுது. இப்ப எழுதிக்குங்க." பிறகு ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னார்.