முனுசாமி அறுத்த வலை

பாரிட் புந்தார் சந்தையில் மீன் விற்றுக்கொண்டிருந்தபோது மருமகன் போனில் சொன்னார்: "முனுசாமி செத்துட்டாரு மாமா. இனி உங்களத் திட்ட ஆளில்ல, நிம்மதியா இருங்கலா."

"என்ன நிம்மதி? என் வலைக்குப் பதில் சொல்லாமப் போயிட்டானே!" என்றேன்.

அவனை அறிந்தவர்களே, இரங்கல் கூட்டத்தில் அவனைத் தங்கமானவன் என்றீர்கள். நான் பேசவில்லை, எழுதுகிறேன். போன வருஷம்தான் கோயில் வகுப்பில் எழுத்துக் கற்றேன். ஒரு வரி முடிவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறது. ஆனால் என்ன சுகம்! ஆயுசு முழுக்க என்னைக் 'கைநாட்டு' என்று கூப்பிட்டவனை என் கையாலேயே ஏசுகிறேன். படிக்க அவன் இல்லை என்பதுதான் குறை.

நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தை முதலாளி விற்றதும் இருவரும் இந்த மீனவர் ஊரான கோலா குராவுக்கு வந்தோம். நான் வலை போட்டேன். அவன் சம்பான் படகில் ஆட்களை ஏற்றி டால்பின் காட்டினான். இந்த ஆற்றுமுகத்து டால்பின் படத்தில் வருவதுபோல் துள்ளாது. சாம்பல் நிறம், உருண்டைத் தலை, நீண்ட மூக்கு கிடையாது, முதுகில் கட்டைவிரல்போல் சின்னத் துடுப்பு. மெல்ல எழுந்து மூச்சு விட்டு முங்கும். வாயால் தண்ணீரைப் பீய்ச்சி மீனை மடக்கும்.

"உன்னை மாதிரியேலா மச்சான், மூக்கும் சப்பை, வாயும் சும்மா இருக்காது!" என்று சம்பானிலிருந்து கத்துவான். ஏறியவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள்.

ஒரு நாள் காலை என் வலையில் டால்பின் குட்டி மாட்டியது. அதற்கும் நம்மைப்போல மூச்சு வேண்டும். மேலே வர முடியாவிட்டால் மூழ்கித்தான் சாகும். நான் போவதற்குள் அவன் கத்தியால் வலையைக் கிழித்திருந்தான். குட்டி செத்திருந்தது. தாய் அதைத் தலையால் நீருக்கு மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தது.

"செத்ததுக்கு ஏன்டா என் வலைய அறுத்தே?"

"அம்மாக்காரி சுத்திச் சுத்தி வந்தா. குடுத்துட்டேன்."

அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை, ஏச்சுதான். ஆற்றுமுகத்தில் நான் வலையோடு போனாலே சம்பானைக் குறுக்கே நிறுத்துவான்.

சுடுகாட்டிலேயே ஒரு படகுக்காரர் என் காதில், "தொல்லை ஒழிஞ்சது அண்ணே, இனி ஆத்து வாயிலயே வலை போடலாம்" என்றார்.

"போட்டுப் பாரு. அறுப்பேன்" என்றேன். முனுசாமிமேல் பாசமில்லை. அந்த இடத்துச் சண்டை எனக்கும் அவனுக்கும் உள்ளது. அடுத்தவனுக்கு அங்கே என்ன வேலை?

கிழிந்த வலை என் சுவரில் தொங்குகிறது. அவன் கையாலேயே தைக்க வைக்க வேண்டும் என்று விட்டுவைத்திருந்தேன். இனி நானும் தைக்கப்போவதில்லை. ஒரு குட்டி நுழைந்து போகுமளவு ஓட்டை இருக்கிறது. அது இருக்கட்டும்.