கழுதைக்கு நின்ற லொறி

எங்கள் தீவில் கழுதை குறுக்கே வந்தால் எந்த வாகனமும் நிற்கும். பஸ் நிற்கும், ஐஸ்மீன் லொறி நிற்கும், பெரியவர்கள் அவசரமாகப் போகும் அரசாங்கக் கந்தோர் ஜீப்பும் நிற்கும். கழுதைக்குக் கொடுக்கும் மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். கழுதையில் மோதினால் லொறியின் முகம் நசுங்கும். விழுந்த கழுதை ரோட்டை மறித்துக்கொண்டு கிடக்கும். சைக்கிளில் போகிறவர்களால் அப்படிப்பட்ட தொந்தரவு எதுவும் கிடையாது. நாங்கள் மெல்லிய ஆட்கள், விழுந்தாலும் ஓரமாகத்தான் விழுவோம்.

எரிச்சலில்தான் சொல்கிறேன். என் இடது கால் இன்றைக்கும் மழைக்கு முதல் நாளே வலிக்கத் தொடங்கிவிடுகிறது. வலி வரும்போதெல்லாம் கோபமும் கூடவே வருகிறது. வலி மழையோடு போய்விடும், கோபம் போவதில்லை.

பன்னிரண்டு வருடமாகக் கந்தோருக்குச் சைக்கிளில் போகிறவள் நான். காலையில் வீட்டிலிருந்து பெரிய ரோட்டில் ஏறி மன்னார் டவுனை நோக்கி மிதிப்பேன். வழியில் ஒரு சந்தி இருக்கிறது. இடப்பக்கம் கடற்கரை ஊர் ஒன்றுக்கு ரோட்டு திரும்புகிறது. வலப்பக்கம் ரோட்டே இல்லை. முள்ளுக்கம்பி வேலியும் அதற்கு அப்பால் பனங்காணியும்தான். இந்த வலப்பக்கத்தை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

சோளகம் தொடங்கிவிட்டால் அந்த ரோட்டில் சைக்கிள் ஓடுவது ஒரு தண்டனை. காற்று தென்மேற்கிலிருந்து மணலை அள்ளிக்கொண்டு வந்து வலது கன்னத்தில் அறையும். கண் திறக்க முடியாது. அந்த மாதங்களில் எங்கள் பக்கத்துச் சைக்கிள்காரர் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. சந்தியில் லொறியோ பஸ்ஸோ நின்றால் அதன் இடப்பக்கம் போய் ஒண்டிக்கொள்வோம். காற்று மறைவு என்போம். அந்த அரை நிமிடத்தில் முகத்தைத் துடைத்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, ஒரு மூச்சு விட்டுக்கொள்ளலாம். மறைவில் நில் என்று யாரும் சொல்லித் தரவில்லை. லொறிக்காரரின் கண்ணாடியில் நாங்கள் தெரியாத இடம் அதுதான் என்பதையும் யாரும் சொல்லித் தரவில்லை.

அன்றைக்குக் கழுதைகள் குறுக்கே போய்க்கொண்டிருந்தன. ஏழெட்டு இருக்கும், கடைசியில் ஒரு குட்டி. மீன்பெட்டி ஏற்றிய லொறி ஒன்று அவற்றுக்காக நின்றது. நான் வழக்கம்போல் இடப்பக்கம் போய், ஒரு காலை நிலத்தில் ஊன்றி நின்றேன். லொறியில் சிக்னல் லைட் எதுவும் எரியவில்லை. றைவருக்கு உதவிக்கு வரும் கிளீனர், ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர், இடப்பக்கத்துக் கதவில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தார். குட்டி தயங்கித் தயங்கி ரோட்டைக் கடந்து முடித்தது. அவர் குனிந்து என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். கதவில் இரண்டு தட்டுத் தட்டி, "றைற்!" என்றார்.

எங்கள் ஊர்களில் பஸ் கொண்டக்டரும் லொறிக் கிளீனரும் "றைற்" என்றால் "சரி, எடு" என்று அர்த்தம். இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். என் கண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னபடியால் எனக்குத்தான் சொல்கிறார், முன்னுக்குப் போகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நல்ல மனிதர் என்றுகூட நினைத்தேன். மிதித்தேன். லொறி இடப்பக்கம் திரும்பியது.

சத்தம்தான் நினைவிருக்கிறது. சைக்கிள் முன்சில்லின் கம்பிகள் ஒவ்வொன்றாக முறிந்த சத்தம். அதற்குப் பிறகு வந்த சத்தம் கம்பியினுடையது அல்ல.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் வாக்குமூலம் எடுக்க வந்தார். தமிழ் விளங்கும், ஓரளவு பேசுவார், எழுதுவது சிங்களத்தில். கழுதை, காற்று, கிளீனர், எல்லாவற்றையும் சொன்னேன். காற்றைச் சொன்னபோது பேனையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"காத்துக்கா மிஸ் லொறிக்கிட்டப் போய் நிண்டது?"

"ஓம் சேர். சோளகத்துக்கு எல்லாரும் நிக்கிறதுதான்."

அதை எழுதவில்லை என்று நினைக்கிறேன். கடைசியில் தாளை நீட்டினார். கந்தோரில் யார் வந்தாலும் "வாசிச்சுப் பாத்துக் கையெழுத்து வையுங்கோ" என்று ஓதுகிறவள் நான். ஒரு சொல் மாறியதற்காகக் கோப்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்துக்குக் கீழே, ஊசி மயக்கத்தில், என் பெயரை அழகாக எழுதிக் கொடுத்தேன். இந்தக் கதையில் நான் விட்ட பிழை அதுதான். மற்றப் பிழைகளுக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

அடுத்த நாள் றைவர் அப்பிளும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். கட்டில் கால்மாட்டில் நின்று, "நீங்கள் கண்ணாடியில விழேல்லை அக்கா" என்றார். "ஓம் தம்பி, நான் ரோட்டிலதான் விழுந்தனான்" என்றேன். அவர் போன பிறகு பக்கத்துக் கட்டில்காரி அப்பிளைச் சாப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்தபின் புத்தி சொல்ல வந்தவர்களின் தொகையைச் சொல்லி மாளாது. பஸ்ஸில் போயிருக்கலாமே என்றார்கள். இந்த வயதில் பெண்பிள்ளைக்குச் சைக்கிள் எதற்கு என்றார்கள். என் மச்சாள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "முள்ளில சேலை விழுந்தாலும் சேலையில முள் விழுந்தாலும் கிழியிறது சேலைதானே" என்றாள். எத்தனை தலைமுறையாக இதைச் சேலைக்கே சொல்லிக்கொண்டிருக்கிறோம்! ஒருவராவது ஒரு நாளாவது முள்ளிடம் போய் ஏதாவது சொன்னதுண்டா? மச்சாளிடம் இதைக் கேட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தபிறகு எனக்கு வாய் கூடிவிட்டது என்று அவள் என் கணவரிடம் முறைப்பாடு சொன்னாள்.

ஐந்து கிழமை கழித்து பொலிஸ் நிலையத்துக்கு விசாரணைக்கு வரச் சொன்னார்கள். ஊன்றுகோலோடு போனேன். றைவரும் கிளீனரும் சுவரோரத்து வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். தமிழ்ப் பெண் கொன்ஸ்தாபிள் ஒருத்தி என் வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்தாள்.

"லொறி வலப்பக்கம் திரும்பப் போவதாக உதவியாளர் சத்தமிட்டுச் சொன்னார். அதை நம்பி நான் முன்னேறிச் சென்றேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. வேறு யாருடையதையோ வாசிக்கிறாள் என்று நினைத்தேன். றைவருக்கு உடனே விளங்கிவிட்டது.

"வலப்பக்கம் ரோட்டே இல்லையே சேர்! வேலிக்குள்ளயோ லொறியைத் திருப்புறது? இந்த அக்கா பொய் சொல்லுறா."

அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள். தெருவால் போன ஒருவரும் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கால் முறிந்த அன்றைக்கு அழாதவள், அன்றைக்கு அழுகையை விழுங்கினேன். பன்னிரண்டு வருடம் அந்தச் சந்தியால் போய் வந்தவளுக்கு எந்தப் பக்கம் ரோட்டு, எந்தப் பக்கம் வேலி என்று தெரியாதாம். அந்த வசனம் அப்படியே இருந்தால் பிழை முழுக்க என் தலையில். லொறி வழமைபோல் அதே சந்தியால் போகும், அதே மறைவில் இன்னொருத்தி நிற்பாள்.

"நான் வலப்பக்கம் எண்டு சொல்லேல்லை சேர். கிளீனர் றைற் எண்டவர் எண்டுதான் சொன்னனான்."

"அதுதானே மிஸ்," என்றார் சார்ஜன்ட் பொறுமையாக. "றைற் எண்டா தகுண. வலது. நான் சரியாத்தான் எழுதினது."

"றைற் எண்டால் எடு எண்டு அர்த்தம் சேர்."

"எழுதி முடிஞ்சுது. நீங்க கையெழுத்தும் வச்சது. இனி மாத்த ஏலாது." கோப்பை மூடி, கையால் வாசலைக் காட்டினார். "றைற், றைற். நீங்க போங்க, நாங்க கூப்பிடுறது."

நான் போகவில்லை. அவ்வளவு நாளும் காலுக்குள் கிடந்த கோபம் முழுக்க வாய்க்கு வந்தது.

"சேர், இப்ப நீங்கள் ரெண்டு தரம் றைற் எண்டனீங்கள். நான் வலப்பக்கம் போகவோ? அங்க சுவரெல்லோ இருக்குது."

கொன்ஸ்தாபிள் பிள்ளை முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சார்ஜன்ட் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மூடிய கோப்பைப் பார்த்தார். கெட்ட மனிதர் அல்ல, அதையும் சொல்ல வேண்டும். பெருமூச்சு ஒன்று விட்டு, அலுமாரியிலிருந்து புதிய தாள் ஒன்றை எடுத்தார். பிறகு கிளீனரைக் கூப்பிட்டார்.

"நீங்க றைற் சொன்னதா?"

"ஓம் சேர். றைவருக்குச் சொன்னனான்."

அவர் இல்லையென்று சத்தியம் செய்வார் என்று எதிர்பார்த்து, அதற்குப் பதில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. அதனால் நானே கேட்டேன்.

"நான் பக்கத்தில நிண்டதைக் கண்டனீங்களோ?"

"கண்டனான் தங்கச்சி."

"கண்டுகொண்டும் ஏன் றைற் எண்டனீங்கள்?"

அவர் யோசித்தார். ஒளிக்க நினைத்து யோசித்ததாகத் தெரியவில்லை. இதற்கு முதல் யாரும் அவரிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை, அவ்வளவுதான்.

"றைவர் கழுதை ரோட்டைக் கடந்து போட்டுதோ எண்டுதான் கேட்டவர். போட்டுது எண்டு சொன்னனான். சைக்கிளை அவர் கேக்கேல்லை."

சார்ஜன்ட் அதை ஒரு சொல் விடாமல் எழுதினார். பொய் சொல்லியிருந்தால் அவரைத் திட்டித் தீர்த்திருப்பேன். உண்மையைச் சொல்லிவிட்டு, கேட்டதற்குப் பதில் சொன்ன மனிதராக நின்றார். இருபது வருடமாவது லொறியின் இடப்பக்கத்தில் இருந்திருப்பார். அந்த இருபது வருடத்தில் கழுதையைக் கேட்டிருக்கிறார்கள், மாட்டைக் கேட்டிருக்கிறார்கள், மதகைக் கேட்டிருக்கிறார்கள். சைக்கிளை ஒருவரும் கேட்கவில்லை. என் உடம்பெல்லாம் எரிந்தது.

இந்த முறை கொன்ஸ்தாபிளை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டபிறகுதான் கையெழுத்து வைத்தேன். கவனயீனம் றைவருடையது என்று வழக்கு முடிந்தது. நான் கந்தோர்க்காரி அல்லவா, அதோடு விடவில்லை. சந்தியில் கோடு போடுங்கள், சைக்கிள்காரருக்கு ஒரு அறிவித்தல் வையுங்கள், லொறிக்காரருக்கு இடப்பக்கத்தைப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள் என்று உரிய இடத்துக்குக் கடிதம் எழுதினேன். கோப்பில் இருந்த சம்பவ விவரத்தையும் இணைத்தேன். கவனம் செலுத்தப்படும் என்று பதில் வந்தது. சில மாதத்தில் சந்தியில் ஒரு பலகையும் வந்தது. மஞ்சள் நிறத்தில், கழுதைப் படம் போட்டு.

அந்தப் பலகைக்கு முன்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று, ஆளில்லாத ரோட்டில் வாய்விட்டுத் திட்டினேன். பிறகு சிரித்தேன். பிறகு மறுபடியும் திட்டினேன்.

இந்தச் சோளகத்துக்கு மறுபடியும் சைக்கிளில் போகிறேன். மச்சாளுக்கு அது பிடிக்கவில்லை. சந்தியில் லொறி நின்றால் நான் இப்போது பக்கத்தில் ஒண்டுவதில்லை, பின்னுக்கு நின்று மணலைத் தின்கிறேன். போன கிழமை டவுன் கடைக்கு வேலைக்குப் போகும் பெண் ஒருத்தி என்னைத் தாண்டிப் போய் மறைவில் நின்றாள். முன்னுக்கு ஏதோ தடங்கல் விலகியது. அந்த லொறியின் கிளீனர், இவர் வேறு ஆள், தலையை நீட்டி, அவளைப் பார்த்து, கதவில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"றைற்!"

அவள் கால் பெடலுக்குப் போனது. நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஆருக்கு றைற்?"

அவள் திடுக்கிட்டு நின்றாள். கிளீனரும் திடுக்கிட்டுத் திரும்பி, என்னை ஒரு விசரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைக் குனிந்து பார்த்தார்.

"றைவருக்கு," என்றார். "நீங்கள் நில்லுங்கோ தங்கச்சி. லொறி திரும்பப் போகுது."

லொறி இடப்பக்கம் திரும்பிப் போனது. அவள் இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு நேரே போனாள். நான் பின்னால் போனேன். இப்போது எனக்கு வலக்கால்தான் மிதிக்கிறது, இடக்கால் சும்மா கூடப் போகிறது.